கிளைவ் குடியிருந்த வீடும் நம்ம ஊர்க் காரை வீடும்



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "வரலாறு படிச்ச பய, வரலாறே எழுது, ஆனா புலித்தேவன், கட்டபொம்மன் எல்லாம் போன மலர்லயே வந்தாச்சு" என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தே போட்டார்கள். அதனால் இந்த முறை ஓர் இங்கிலீஷ்காரன் வீட்டைப் பற்றி எழுதப்போகிறேன். விடுதியில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்ட நண்பர் இதைக் கேட்டுவிட்டு, "என்னடே, வாசுதேவநல்லூர்க்காரன் ராபர்ட் கிளைவ் வீட்டைப் பத்தியா எழுதுவான்? ஊருக்குள்ள விடுவாங்களா?" என்று சிரித்தார். முழுக்கப் படித்துவிட்டு அவரே தீர்ப்புச் சொல்லட்டும்.

நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். எங்கள் தாத்தா கொத்தனார். தூக்குக்குண்டும் ரசமட்டமும் மணியாசுக்கட்டையும் எங்கள் வீட்டில் விளையாட்டுச் சாமான்கள். ஆகவே ஒரு பழைய கட்டிடத்துக்குள் நுழைந்தால் மற்றவர்கள் யார் இருந்தார்கள் என்று கேட்பார்கள். எனக்கு யார் கட்டினது, எதை வைத்துக் கட்டினது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்.

லண்டன் வீடு

இங்கிலாந்தின் நகர வீடு என்றால் நம்மில் பலர் சுற்றிலும் தோட்டம் உள்ள பங்களாவை நினைத்துக்கொள்கிறோம். அது கிராமத்துப் பிரபுவின் மாளிகை. லண்டன் நகரத்து வீடு வேறு சாதி. 1666-ல் லண்டனில் பெருந்தீ பிடித்து, மரவீடுகள் நெருக்கியடித்து நின்ற நகரத்தின் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. அடுத்த ஆண்டே, 1667-ல், இனிமேல் வெளிச்சுவரைச் செங்கல்லிலோ கல்லிலோதான் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. தெருவின் அகலத்துக்கு ஏற்ப வீடு எத்தனை மாடி இருக்கலாம், சுவர் எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்பதும் அதில் வகுக்கப்பட்டது.

அதிலிருந்து உருவானதுதான் வரிசை வீடு. தெருப்பக்கம் அகலம் குறைவு, உள்ளே நீளம் அதிகம். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பொதுச்சுவர். தரைக்குக் கீழே சமையலறையும் கரி அறையும். தெருமட்டத்தில் சாப்பாட்டுக்கூடம். அதற்கு மேல் மாடிதான் வீட்டின் முகம். உயரமான ஜன்னல்கள், விருந்தினரை வரவேற்கும் கூடம் எல்லாம் அங்கே. அதற்கும் மேலே படுக்கை அறைகள். உச்சியில், கூரைச் சரிவுக்குள், வேலைக்காரர்கள். மேலே போகப் போக ஜன்னலும் சின்னதாகிவிடும், ஆளும் சின்ன ஆளாகிவிடுவார். 1696 முதல் 1851 வரை ஜன்னலை எண்ணி வரி போட்ட நாடு அது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; வரிக்குப் பயந்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தவர்களும் உண்டு.

இந்த வகையில் பேர்போன ஒரு வீடு லண்டன் பெர்க்லி சதுக்கத்தில் 45-ஆம் எண். 1740-களில் எழுந்த வீடு. ஹென்றி பிளிட்கிராப்ட் என்ற கட்டிடக்கலைஞரின் வேலை என்று சொல்கிறார்கள். 1761-ல் இது ராபர்ட் கிளைவின் கைக்கு வந்தது. பிளாசி யுத்தம் முடிந்து, மீர் ஜாபரிடம் வாங்கிய 2,34,000 பவுனோடு ஊர் திரும்பியவருக்குத் தலைநகரில் ஒரு வீடு வேண்டியிருந்தது. 1760-களில் வில்லியம் சேம்பர்ஸ் என்ற பெரிய கலைஞரை வைத்து வீட்டைப் புதுப்பித்தார். 1774 நவம்பர் 22-ஆம் தேதி அந்த வீட்டிலேயே கிளைவ் இறந்தார். வீடு இன்றும் நிற்கிறது. முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது.

கோட்டைக்குள் ஒரு வீடு

இதே கிளைவுக்கு அதற்கு முன்னால் சென்னையில் ஒரு வீடு இருந்தது. 1744-ல் கம்பெனியின் சாதாரண எழுத்தராக வந்து இறங்கியவர், 1751-ல் ஆற்காட்டு முற்றுகையால் பெயரெடுத்தார். 1753 பிப்ரவரி 18-ஆம் தேதி புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் மேரி தேவாலயத்தில் மார்கரெட் மாஸ்கெலின் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அப்போது அவர் குடியிருந்தது கோட்டைக்குள்ளேயே, தேவாலயத்துக்குக் கொஞ்ச தூரத்தில் உள்ள ஒரு பெரிய வீட்டில். சொந்த வீடு இல்லை. அது ஆர்மீனிய வணிகர்களின் சொத்து. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்து, 1749-ல் திருப்பிக் கொடுத்த பிறகு, ஆர்மீனியர்கள் எதிரிக்கு ஒத்தாசை செய்தார்கள் என்று சந்தேகப்பட்டு அவர்களைக் கோட்டைக்குள் குடியிருக்க விடாமல் செய்தது கம்பெனி. கட்டி ஆண்டவன் வெளியே, குடிவந்தவன் உள்ளே. பின்னால் கம்பெனியே வீட்டை வாங்கிக்கொண்டது. அங்கே விருந்துகள் நடந்தன. 'அட்மிரால்டி ஹவுஸ்' என்று ஒரு பெயரும் வந்தது. அரசாங்க அலுவலகங்கள் மாறி மாறி வந்தன. இன்றைக்கு அதில் இருப்பது இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகம். 'கிளைவ் வீடு' என்றே பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களின் பட்டியலில் இருக்கிறது.

கோட்டைக்குள் இடம் குறைவு. அதனால் லண்டனைப் போலவே இங்கேயும் வீடுகள் தெருவை ஒட்டி, ஒன்றுக்கொன்று நெருங்கித்தான் நின்றன. ஆனால் லண்டன் வீட்டை அப்படியே தூக்கிவந்து சென்னையில் வைக்க முடியுமா? தரைக்குக் கீழே சமையலறை தோண்டினால் கடற்கரை ஊரில் ஊற்றுத் தண்ணீர்தான் வரும். ஆகவே கீழே சரக்குக் கிட்டங்கி, மேலே குடித்தனம் என்று ஆயிற்று. கூரை உச்சிக்குள் அறை போட்டால் ஆள் வெந்துவிடுவான். ஆகவே சரிவுக்கூரை போய் மொட்டைமாடி வந்தது. சாயங்காலக் கடல்காற்று வாங்க அதைவிட நல்ல இடம் ஏது? கணப்பு அடுப்புக்கு வேலை இல்லை. ஜன்னல்கள் தரைவரை நீண்டன. கண்ணாடிக்குப் பதில் சாய்வுப் பலகை வைத்த கதவுகள் வந்தன. வாசலுக்கு முன்னால் தூண்கள் வைத்த தாழ்வாரம் வந்தது. கூடத்தின் உயரம் கூடிற்று. தூண் மட்டும் கிரேக்கப் பாணி. அந்தத் தூணும் சலவைக்கல் இல்லை. செங்கல்லைக் கட்டி மேலே சுண்ணாம்பு பூசியது.

அந்தச் சுண்ணாம்புதான் சென்னையின் ரகசியம். கடல் சிப்பியைக் காளவாயில் சுட்டு, நீற்றி, மணலோடு செக்கில் அரைத்து, புளிக்கவைத்து, வெல்லத் தண்ணீரும் கடுக்காய்த் தண்ணீரும் விட்டு, கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கருவும் தயிரும் சேர்த்து, வழுவழுப்பான கல்லால் மணிக்கணக்காகத் தேய்ப்பார்கள். அந்தப் பூச்சு சலவைக்கல் மாதிரி பளபளக்கும். கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரர்கள், ஊரே பளிங்கில் கட்டியிருக்கிறது என்று ஏமாந்து எழுதிவைத்தார்கள்.

அடுத்தது தளம். 'மெட்ராஸ் டெரஸ்' என்று பொறியியல் புத்தகங்களில் பெயர் போட்டிருக்கும். தேக்கு உத்திரம், அதன்மேல் நெருக்கமாகக் கட்டைகள். அவற்றின்மேல் ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டமாக, சுண்ணாம்பு வைத்து அடுக்குவார்கள். கீழே முட்டுப்பலகை தேவையில்லை. ஒரு கல் அடுத்த கல்லைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கட்டை எகிறிக் குதிக்க ஆரம்பித்தால் தளம் இறுகிவிட்டது என்று கணக்கு. கடைசியில் தட்டோடு பதித்துப் பூச்சு.

ஒரு வேலையாக அந்த அலுவலகத்துக்கு நான் போனபோது, மற்றவர்கள் கிளைவ் எந்தக் கூடத்தில் இருந்தார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அண்ணாந்து பார்த்தேன். உத்திரம், கட்டை, மூலைவாட்டச் செங்கல். எங்கள் தெருவில் பெரியப்பா வீட்டு மச்சும் அதே வேலைதான்! "தாத்தா, உங்க கைவேலை இங்கயும் இருக்கு" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆர்மீனியர் பணம், இங்கிலீஷ்காரர் குடித்தனம், நம்ம கொத்தனார், சித்தாள், தச்சர் ஆகியோரின் அறிவு. இந்த மூன்றில் கடைசியானது இல்லாமல் அந்த வீடு இத்தனை காலம் நின்றிருக்காது என்று சொன்னால் அது மிகையாகாது.

இடித்தவர் கிளைவின் மகன்

இனி நம்ம ஊருக்கு வருவோம். கிளைவ் கல்யாணம் முடிந்த கையோடு 1753-ல் கப்பலேறிவிட்டார். இரண்டே வருஷத்தில், 1755-ல், அதே கம்பெனியைச் சேர்ந்த கர்னல் ஹெரானின் படை கப்பம் கேட்டு நெற்கட்டான்செவல் வாசலில் வந்து நின்றது. புலித்தேவர் கொடுக்கவில்லை. ஹெரான் வெறுங்கையோடு திரும்பினார். பிறகு யூசுப்கான் வந்தார். 1759 கடைசியில் வாசுதேவநல்லூர்க் கோட்டையை முற்றுகையிட்டுப் பிடிக்க முடியாமல் பின்வாங்கினார். 1761-ல்தான் நெற்கட்டான்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்றும் அவரிடம் விழுந்தன. 1767-ல் கர்னல் டொனால்ட் கேம்ப்பெல் மறுபடியும் வாசுதேவநல்லூருக்குப் பீரங்கியோடு வர வேண்டியிருந்தது.

இவ்வளவு பாடுபடுத்திய கோட்டை கருங்கல் கோட்டை இல்லை, மண்கோட்டை. மண்ணைக் குழைத்து அடுக்கடுக்காகக் காயவிட்டு எழுப்பிய சுவர். கல்சுவரில் குண்டு விழுந்தால் சிதறும். மண்சுவரில் விழுந்தால் புதைந்து நின்றுவிடும். விரிசல் விழுந்தால் அதே இடத்து மண்ணை எடுத்து அப்போதே அடைத்துவிடலாம். 1767-ல் நம்ம ஊர்க்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். சுவரில் உடைப்பு விழ விழ, குண்டு மழைக்கு நடுவே வைக்கோலையும் பனையையும் கொண்டுவந்து திணித்தார்கள். திணித்தவன் விழுந்தால் அடுத்தவன் வந்தான். எதிரில் நின்ற கேம்ப்பெல்லே இந்த உறுதியைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார்.

அந்தக் கோட்டை இப்போது எங்கே? சிந்தாமணிநாதர் கோயில் இருக்கிறது, தேர் ஓடுகிறது. கோட்டையைக் காட்டு என்று பிள்ளைகள் கேட்டால் காட்டுவதற்குச் சுவர் இல்லை.

இங்கேதான் வரலாறு ஒரு வேடிக்கை செய்கிறது. ராபர்ட் கிளைவுக்கு எட்வர்ட் கிளைவ் என்று ஒரு மகன். 1754-ல் பிறந்தவர். 1798 முதல் 1803 வரை சென்னைக்கு கவர்னர். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16-ஆம் தேதி தூக்கிலிட்டதும், பாளையக்காரர்கள் தங்கள் கோட்டைகளை இடித்து ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று கம்பெனி கட்டளையிட்டதும் இவர் ஆட்சியில்தான். இடித்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஊமைத்துரையின் ஆட்கள் 1801-ல் ஒரு வாரத்துக்குள் மறுபடி எழுப்பிக்காட்டினார்கள். மண்வேலை தெரிந்தவர்களுக்கு அது சாத்தியம். அந்த ஆண்டு மே மாதம் அதுவும் விழுந்தது; சுவடு தெரியாமல் தரைமட்டமாக்கினார்கள். இன்று அங்கே நாம் பார்ப்பது 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. 1801 டிசம்பர் 1-ஆம் தேதி, இனிமேல் தெற்குச் சீமையில் கோட்டையும் கூடாது, ஆயுதமும் கூடாது என்று அறிக்கை விட்டார் எட்வர்ட் கிளைவ். மறு ஆண்டே, 1802-ல், சென்னையில் கிரேக்கக் கோயில் மாதிரி ஒரு விருந்து மண்டபத்தைத் திறந்துவைத்தார். தகப்பனார் ஜெயித்த பிளாசியையும், 1799-ல் விழுந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் கொண்டாட எழுந்த மண்டபம். நாம் இன்று ராஜாஜி மண்டபம் என்கிறோமே, அதுதான்.

ஆக, தகப்பன் வாடகைக்கு இருந்த வீடு நிற்கிறது. மகன் கட்டிய மண்டபம் நிற்கிறது. மகன் இடிக்கச் சொன்னது நிற்கவில்லை. கட்டிடம் வலுவாக இருந்தால் நிலைக்கும் என்று நாம் நினைக்கிறோம். நம்ம ஊர் மண்கோட்டையைவிட வலுவானது எது? யார் கையில் அதிகாரம் இருக்கிறது, யார் அதில் தொடர்ந்து குடியிருக்கிறார்கள், யார் வருஷாவருஷம் வெள்ளையடித்து ஒழுக்கு அடைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் ஒரு கட்டிடம் நிலைக்கிறது.

இடிப்பவர் நாம்

கோட்டையை இடித்தது அவன். சரி. வீட்டை இடிக்கிறது யார்?

நம்ம பக்கத்துக் காரை வீடுகள் எல்லாருக்கும் தெரியும். தெருவாசல், அப்புறம் தார்சா, பட்டாசல், வானவெளி, ரெண்டாங்கட்டு, அடுக்களை, அங்கணம், புறவாசல். லண்டன் வரிசை வீட்டைப் போலவே இதுவும் அகலம் குறைந்து நீளம் கூடியதுதான். இரண்டு பக்கமும் பொதுச்சுவர்தான். அங்கே குளிருக்காக வீட்டை மேலே மேலே அடுக்கினான். இங்கே வெயிலுக்காக நாம் பின்னாலே பின்னாலே நீட்டினோம். அங்கே அந்நியன் முதல் மாடிக் கூடம்வரை வரலாம், இங்கே தார்சாவரை. அங்கே வேலைக்காரர் உச்சியில். இங்கே வேலைக்காரர் புறவாசல் வழியாக. சில சாதிக்காரர்களை அந்தப் புறவாசலுக்கும் எட்ட நிறுத்திய வீடுகளும் இவைதான். கட்டின சித்தாளே, கட்டி முடிந்த பிறகு உள்ளே நுழைய முடியாது. பழமையைப் போற்றுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். என் தாத்தா, தான் மச்சுப் போட்ட எத்தனையோ வீடுகளில் தார்சாவைத் தாண்டியதில்லை.

பெரியப்பா மகன், எங்கள் அண்ணாச்சி, போன வருஷம் வீட்டை இடித்துக் கடைகள் கட்டப்போவதாகச் சொன்னார்.

"இடிக்கத்தான் வேணுமா அண்ணாச்சி?" என்றேன்.

"தம்பி, நாலு பங்காளி. ஒருத்தன் திருப்பூர்ல, ஒருத்தன் மெட்ராஸ்ல. மச்சு ஒழுகுது. சிமெண்ட்டு பூசினேன், மறு வருஷம் இன்னும் மோசமா ஒழுகுது. சுண்ணாம்புத் தளம் போடத் தெரிஞ்ச ஆளு ஒருத்தனைக் கூட்டிட்டு வா. நான் இடிக்கல."

என்னால் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. தாத்தாவோடு வேலை பார்த்தவர்கள் யாரும் இல்லை. அவர்கள் பிள்ளைகள் கான்கிரீட் வேலைக்குப் போய்விட்டார்கள். அண்ணாச்சி சொன்ன காரணத்தில் தப்பும் இல்லை. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்ட்டை அப்பினால் ஈரம் உள்ளேயே தங்கிக் கட்டையை உளுக்க வைக்கும். நல்லது செய்வதாக நினைத்து நாமே வீட்டின் வாயையும் மூக்கையும் பொத்திவிடுகிறோம்.

ஒரு வீட்டைப் பாதுகாக்கிற வித்தை ஆள் கையில் இருக்கிறது. அந்தக் கை போய்விட்டால் சட்டம் மட்டும் என்ன செய்யும்? கிளைவ் வீட்டுக்கு ஒரு துறையே காவல் இருக்கிறது. வாசுதேவநல்லூர்க் காரை வீட்டுக்குப் பங்காளிகள்தான் துறை.

ஒரு வேண்டுகோள்

அண்ணாச்சி இடிப்பதற்கு முன்னால், கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகனைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் அந்த வீட்டை அளந்தேன். தெருப்பக்கம் 19 அடி, உள்நீளம் 112 அடி. சுவர் கனம், நிலை உயரம், படி எண்ணிக்கை, எந்த மாதம் எந்த நேரம் பட்டாசலில் வெயில் விழும் என்று பெரியம்மை சொன்னது, எந்தச் செங்கல்லை எப்படி அடுக்கியிருக்கிறது என்பது எல்லாவற்றையும் கட்டம்போட்ட தாளில் வரைந்தோம். மச்சைப் பிரித்தபோது கூடவே நின்று ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்தான் மருமகன். "மாமா, இது முட்டுப்பலகை இல்லாம எப்படி நின்னுது?" என்று கேட்டான். முப்பது வருஷம் வகுப்பு எடுத்தவனுக்கு, அன்று ஒரு நல்ல கேள்வி கிடைத்தது.

நண்பர்களே, 2019-ல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. புதிய மாவட்டம், புதிய கட்டிடங்கள், சந்தோஷம். குற்றாலத்திலிருந்து சிவகிரி வரை நம்மில் பலருக்கு ஊரில் பழைய வீடு இருக்கிறது, அல்லது இருந்தது. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. இடிப்பதற்கு முன்னால் அளந்துவிடுங்கள். ஒரு நாடா, ஒரு நோட்டு, வீட்டில் மூத்த ஒரு ஆள் போதும். கட்டினது யார், எந்த ஊர்க் கொத்தனார், எங்கே சுண்ணாம்பு சுட்டது, யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்பதையும் கேட்டு எழுதுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவர் எங்காவது இருந்தால் அவர் ஊரைக் குறித்து வையுங்கள். இன்னும் இடிக்காத வீட்டுக்கு அவர் தேவைப்படுவார்.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது ஆளுக்கு ஒரு வீட்டின் அளவுப்படத்தோடு வந்தால், நம் சங்கம் அவற்றைத் தொகுத்து வரலாற்றுத் துறை நூலகத்தில் வைக்கலாம். பெரியப்பா வீட்டுப் படம் ஒரு பிரதி தயாராக இருக்கிறது. முதல் தாளாக அதை நான் கொண்டு வருகிறேன்.

வாழ்க நம் கல்லூரி! சந்திப்போம்.